சூரியனுக்கு வேப்பிலை கட்டிய மைனா

வேலாங்கரை ஏரியில் ஒரு மைனா இருந்தது. அதன் பெயர் சொல்லழகி. அதன் பேச்சு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாதிதான் உண்மையாக இருக்கும்!

ஏரிக்கரையில் ஒரு வானிலை நிலையம். அதன் கூரை மேல் மல்லாத்தி வைத்த குடையைப் போல ஒரு பெரிய டிஷ். வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள் அனுப்புகிற சேதியெல்லாம் அதில் வந்து விழும். கீழே அறையில் இருக்கும் அதிகாரி மரகதவல்லி அதைத் திரையில் பார்த்துப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வார். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து சொல்லழகி கேட்கும். கேட்டதும் ஏரிக்குப் பறக்கும். பறக்கிற வழியிலேயே சேதிக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிடும்.

ஒருநாள் மரகதவல்லி, "கடல்ல லேசா ஒரு காத்தழுத்தத் தாழ்வு உருவாகுது" என்றார். அந்தச் சேதி ஏரிக்கு வந்து சேர்ந்தபோது, "புயல்! ஏரி பொங்கிப் பனைமரத்து உச்சிக்கு வரப்போகுது!" என்று ஆகிவிட்டது. ஆமை தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க மூச்சிரைக்கப் பாறைமேட்டில் ஏறியது. மேலே போய்ச் சேர்ந்தால், வெயில் சுட்டெரித்தது. முதுகு காய்ந்ததுதான் மிச்சம்.

இன்னொரு நாள், "சூரியன்ல கரும்புள்ளி நிறைய தெரியுது" என்றார் மரகதவல்லி. சொல்லழகிக்கு அது போதாதா?

"ஐயோ! சூரியனுக்கு அம்மை போட்டிருக்கு! உடம்பெல்லாம் முத்து!" என்று ஊரைக் கூட்டியது. தவளைகள் பதறிப்போய்க் கரை முழுக்க வேப்பிலை கட்டின. கொக்குகள் மீனைத் தொடாமல் விரதம் இருந்தன. சூரியனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்போது, யார் ஊற்றுவது என்று பெரிய சண்டையே நடந்தது. சூரியனோ வழக்கம்போல உதித்து, வழக்கம்போல மறைந்தது.

அன்றிலிருந்து சொல்லழகி வாயைத் திறந்தாலே ஏரி முழுக்கச் சிரிப்புத்தான். "ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குறவ வந்துட்டா!" என்று கூழைக்கடா பைவாயன் கேலி செய்யும். சொல்லழகியும் கூடச் சேர்ந்து சிரிக்கும். எல்லாரும் சிரித்தால் நல்லதுதானே என்று அது நினைத்துக்கொண்டது.

அந்த ஏரியில் சொல்லழகியின் கதையைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்பது ஒருவர்தான். வடமலைச்சி என்ற வரித்தலை வாத்து. பனிமலைக்கு அப்பாலிருந்து ஆண்டுதோறும் வருகிற வாத்துக் கூட்டத்துக்கு அதுதான் தலைவி. சொல்லழகி சொல்வதை அது நம்பாது. ஆனாலும் கேட்கும். அதனாலேயே சொல்லழகிக்கு வடமலைச்சி மேல் உயிர்.

பங்குனி பிறந்தது. வாத்துகள் ஊர் திரும்ப ஆயத்தமாயின. கிளம்புகிற நாள் காலையில் அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லா வாத்துகளும் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு நிற்கும். நின்றால் எல்லா அலகும் வடக்கே பார்க்கும். ஒன்றுகூடத் தப்பாது!

"எப்படிக்கா இது?" என்று கேட்டது சொல்லழகி.

"எங்க மண்டைக்குள்ள ஒரு முள் இருக்குடி. பூமியோட காந்தம் அதை வடக்கே இழுத்துக்கிட்டே இருக்கும். வானம் தெளிவா இருந்தா நட்சத்திரத்தைப் பார்த்துப் போவோம். மேகம் மூடிட்டா இந்த முள்ளுதான் துணை" என்றது வடமலைச்சி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "ஆனா ஒரு வருஷம் என் தங்கச்சி கூட்டம் நல்லாத்தான் கிளம்புச்சு. நடுவழியில என்ன ஆச்சோ, உப்புப் பாலைவனத்துல போய் இறங்கிடுச்சு. பாதிப் பேர்தான் வீடு வந்தாங்க. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. இந்த வருஷம் என் கூட்டத்துல பாதி புதுக் குஞ்சுங்க. அதான் கொஞ்சம் கவலை."

அன்று அந்தியில் புறப்பாடு என்று முடிவாயிற்று. வழிக்கு உதவுகிற சேதி ஏதாவது கொண்டுவரலாம் என்று சொல்லழகி நிலையத்துக்குப் பறந்தது.

அங்கே ஒரே பரபரப்பு. மரகதவல்லி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"சூரியன்ல பெரிய வெடிப்பு சார்! எக்ஸ் கதிர் கோடு செங்குத்தா ஏறிடுச்சு பாருங்க."

"மேகம் பார்க்குற செயற்கைக்கோள்தானே அது? சூரியனையும் பார்க்குதா?" என்றார் பக்கத்து மேசைக்காரர். அவர் வேலைக்குப் புதிது.

"ஒரு கண்ணு கீழே மேகத்தைப் பார்க்கும். இன்னொரு கண்ணு மேலே சூரியனைப் பார்க்கும். வெடிப்போட வெளிச்சம் எட்டே நிமிஷத்துல வந்துடுச்சு, அதான் நமக்குத் தெரிஞ்சுது. அது மின்னல் மாதிரி. மழை பின்னாடிதான் வரும்."

"மழையா?"

"சூரியன் கக்கின காந்தப் புயல் சார். நாளைக்குச் சாயங்காலம் பூமிக்கு வரலாம். வழியில விலகிப் போனாலும் போகலாம். சூரியனுக்கும் நமக்கும் நடுவுல, இங்கேருந்து ரொம்பத் தூரத்துல, இன்னொரு செயற்கைக்கோள் காவல் நிக்குது. புயல் அதைத் தொட்டாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். தொட்டுட்டா நமக்கு ஒரு மணி நேரம் போல அவகாசம். அப்புறம் திசைகாட்டி முள்ளெல்லாம் ஆடும். வடக்கே வேற முழுக்க மேகமூட்டம் காட்டுது."

சொல்லழகி கம்பியில் நிமிர்ந்து உட்கார்ந்தது. முள் ஆடுமா? வாத்துகளின் மண்டைக்குள் இருப்பதும் முள்தானே! நாளைச் சாயங்காலம் அவை நடு வானத்தில் இருக்கும். மேகமூட்டத்தில் நட்சத்திரமும் தெரியாது. குஞ்சுகளோடு எந்தப் பாலைவனத்தில் போய் இறங்குமோ!

அலறிக்கொண்டு ஏரிக்குப் பறந்தது. பழக்கதோஷம் எங்கே போகும்? வாயிலிருந்து வந்தது இதுதான்:

"சூரியன் வெடிச்சிடுச்சு! துண்டு துண்டா விழப்போகுது! போகாதீங்க, எல்லாரும் செத்துடுவீங்க!"

ஏரி குலுங்கிச் சிரித்தது.

"தவளைப் பசங்களா, வேப்பிலை எடுங்கடா!" என்றது பைவாயன். "நான் இந்தத் தடவை மேட்டுக்கு ஏறமாட்டேன், சொல்லிட்டேன்!" என்றது ஆமை. வாத்துக் குஞ்சுகள்கூடக் கெக்கலி கொட்டின.

சொல்லழகி சிரிக்கவில்லை. தன்னைப் பார்த்து எல்லோரும் சிரிப்பது அன்றுதான் அதற்கு வலித்தது. வாழ்நாளில் ஒரு தடவை உயிர் காக்கிற சேதி கிடைத்தது. அதையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அழுகை வந்தது.

திரும்பவும் ஜன்னலுக்குப் போயிற்று. மரகதவல்லி தொலைபேசியில் யாருக்கோ அதே சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'வரலாம்' என்றார். 'விலகியும் போகலாம்' என்றார். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. சொல்லழகி அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டது.

வெயில் தாழ்ந்திருந்தது. வாத்துகள் வரிசையில் நின்றன. சொல்லழகி வடமலைச்சியின் முன்னால் வந்து உட்கார்ந்தது.

"அக்கா, கேட்டதை மட்டும் சொல்றேன். சூரியன்லேருந்து காந்தப் புயல் ஒண்ணு கிளம்பியிருக்கு. நாளைக்குச் சாயங்காலம் இங்கே வரலாமாம். வந்தா திசை காட்டுற முள் ஆடுமாம். வடக்கே மேகம் மூடியிருக்காம். அவ்வளவுதான்."

வடமலைச்சி கழுத்தை நீட்டி அதன் கண்ணைப் பார்த்தது. "நிச்சயமா வருமா?"

சொல்லழகிக்கு அலகு துறுதுறுத்தது. 'நிச்சயம்' என்று ஒரு சொல் சொன்னால் வாத்துகள் நின்றுவிடாதா? நல்லதுக்குத்தானே ஒரு பொய்? சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கியது.

"தெரியலைக்கா" என்றது. "வராமலும் போகலாம். நடுவுல காவல் நிக்கிற செயற்கைக்கோளைத் தொட்டாத்தான் உறுதியாத் தெரியுமாம்."

 கேலி செய்யத் திறந்த வாயைப் பைவாயன் மூடிக்கொண்டது.

"இத்தனை வருஷமா நீ எத்தனையோ சொல்லியிருக்கே. 'தெரியலை'ன்னு சொல்லி நான் கேட்டதே இல்லையேடி!" என்றது வடமலைச்சி. வரிசையைத் திரும்பிப் பார்த்தது. "இறக்கையை மடக்குங்க! இன்னிக்குப் பயணம் இல்லை."

"அக்கா! தெற்குக் காத்து நல்லா இருக்கே!" என்று ஓர் இளம் வாத்து முனகியது.

"காத்து நாளைக்கும் அடிக்கும். உப்புப் பாலைவனத்துல இறங்கினா நாளைன்னு ஒண்ணு இருக்குமா? மடக்கு!"

மறுநாள் விடிந்ததிலிருந்து சொல்லழகி ஜன்னல் கம்பியை விட்டு நகரவில்லை. இரை தேடவும் போகவில்லை. மத்தியானம் ஆயிற்று. ஒன்றும் இல்லை. வெயில் சாய்ந்தது. அப்போதும் இல்லை. 'விலகிப் போயிருந்தால் என்ன செய்வது? ஒரு நல்ல காற்றை வீணாக்கினேன் என்பார்களே!' என்று மனம் அடித்துக்கொண்டது.

அப்போது நிலையத்துக்குள் மணி அலறியது!

"தொட்டுடுச்சு சார்!" என்று கத்தினார் மரகதவல்லி.

"தொட்டுடுச்சு அக்கா!" என்று ஏரிக்கு வந்து கத்தியது சொல்லழகி. அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வடமலைச்சி, "எங்கே, முள்ளைப் பார்ப்போம்" என்றது. எல்லா வாத்துகளும் கண்ணை மூடிக்கொண்டன. ஒரு சுற்றுச் சுற்றின. நின்றன.

ஒன்றின் அலகு கிழக்கே பார்த்தது. ஒன்று மேற்கே. இரண்டு குஞ்சுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கவிழ்ந்தன. தலைவி வடமலைச்சியோ மிடுக்காக நீந்திப் போய்க் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பைவாயனின் வாய்ப்பைக்குள் தலையை நுழைத்து, "இதுதான் வடக்கு!" என்றது.

"ஐயோ அக்கா! அது என் தொண்டை!" என்று பைவாயன் அலறியது. ஏரி மறுபடியும் குலுங்கிச் சிரித்தது. இந்தத் தடவை சொல்லழகிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது.

வடமலைச்சி தலையை வெளியே இழுத்துக்கொண்டது. அதுவும் சிரித்தது. ஆனால் கண் கலங்கியிருந்தது. "என் தங்கச்சிக்கு நடந்தது இதுவா இருக்குமோ?" என்றது மெதுவாக. "அவ பக்கத்துல உன்னை மாதிரி ஒருத்தி இல்லையேடி."

புயல் அடங்கிவிட்டது என்று மரகதவல்லி சொன்ன நாளில், வடக்கே மேகமும் கலைந்திருந்தது. வாத்துகள் கண்ணை மூடிச் சுற்றி நின்றன. எல்லா அலகும் ஒன்றாக வடக்கே பார்த்தன. குஞ்சுகள் முன்னும் பின்னுமாகக் கத்திக்கொண்டு கூட்டம் எழும்பிப் பறந்தது. ஒரு புள்ளியாக மறையும்வரை சொல்லழகி பார்த்துக்கொண்டே இருந்தது.

"ஏம்மா சொல்லழகி," என்று பக்கத்தில் வந்தது பைவாயன். குரலில் புது மரியாதை. "நாளைக்கு மழை வருமா?"

"வரலாம்னு சொன்னாங்கண்ணே. உறுதியாத் தெரியாதாம்."

அதைக் கேட்டதும் ஆமை குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பாறைமேட்டில் ஏறத் தொடங்கியது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணிந்தவரின் சொல்லைத்தான், தெரிந்ததைச் சொல்லும்போது ஊர் நம்பும்.