களர்நிலத்தில் விளைந்தது

தூத்துக்குடிக் கடலோரத்தில் பண்ணையார் உலகநாதருக்குப் புல்கூட முளைக்காத களர்நிலம் பத்து ஏக்கர் கிடந்தது. நிலத்தரகு பார்த்துவந்த வேலுத்தாயை மட்டம்தட்ட நினைத்தவர், "இதில் விளைச்சல் எடுக்கிற குத்தகைக்காரரைக் கொண்டுவந்தால், தரகுக்கூலியாக என் கிணற்றடி மனை வேலுத்தாய்க்கே" என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சொந்தமாய் ஒரு சாண் நிலமில்லாத வேலுத்தாய் மறுமாதமே ஓர் உப்பளக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கோடையில் நிலமெங்கும் உப்பு வெள்ளைவெளேரென்று குவிந்தது. அவள் மனையைக் கேட்டதும் பண்ணையார் கைவிரித்துவிட்டார்.

ஊர்க்கூட்டத்தில், "ஒப்பந்தத்துல விளைச்சல்னுதானே இருக்கு? உப்பு என்ன நெல்லா, கம்பா?" என்று அதட்டினார்.

வேலுத்தாய் வாதாடவில்லை. "அது கிடக்கட்டும்யா. உங்க நிலத்து உப்பு மட்டம்னு பேசிக்கிறாங்களே, மெய்தானா?" என்றாள்.

பண்ணையாருக்கு மீசை துடித்தது. "ஏட்டி, எவன் சொன்னது? என் நிலத்துல விளைஞ்ச மாதிரி உப்பு இந்தக் கடற்கரையிலேயே எங்கேயும் விளைஞ்சதில்ல!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பண்ணையார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த வாரமே கிணற்றடி மனையில் எல்லைக்கல்லை வேலுத்தாய் தன் கையாலேயே நட்டாள். "ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லை காட்டினேன். இது என் எல்லை" என்றாள், தலை நிமிர்ந்து.