இடிப்பதற்கு முன் ஒரு கூட்டம்

நகரத்துக்கு நடுவில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் மாடிப்படிக்குக் கீழே ஒரு சாமி இருந்தார். உபதேசமெல்லாம் செய்யமாட்டார். கேட்டால் பதில் சொல்வார், அதுவும் பிடித்தால்தான்.

அவருடைய சீடன் அருளப்பன், மூன்றாம் மாடிக்காரன். கட்டடத்தை இடித்துப் புதுசு கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. இடித்தால் எல்லோரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் அதிகாரிகள் கருத்துக் கேட்க வருகிறார்கள். இடிக்கக் கூடாது என்று எல்லோருக்காகவும் அவன்தான் பேசப்போகிறான்.

"சாமி, செங்கமலம் அக்காவைக் கூட்டத்துக்கு வரவேண்டாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"ஏன்?"

"அவங்க இடிக்கணும்னு சொல்றாங்க. நமக்குள்ளயே ரெண்டு பேச்சுன்னா அதிகாரிங்க அதையே பிடிச்சுக்குவாங்க."

"வா, போய்ச் சொல்லலாம்."

செங்கமலம் வீடு தரைத்தளத்தில். மழைக்குச் சாக்கடை உள்ளே வந்திருந்தது. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தாள். அதில் படுத்த படுக்கையாக அவள் புருஷன். கால்மாட்டில் அரிசி டின்.

"பாத்து வாங்க சாமி, வழுக்கும். வா தலைவரே, நீயும் வா."

சாமி ஒரு வாளியை எடுத்துத் தண்ணீரை அள்ள ஆரம்பித்தார். அருளப்பனும் அள்ளினான். வேறென்ன செய்வான்?

"சொல்லுங்க சாமி" என்றான் மெதுவாக.

"நீயே சொல்லு."

"அக்கா, இடிச்சா உங்களையும்தான் துரத்துவாங்க."

"எனக்குத் தெரியாதா? பெரியாஸ்பத்திரியை விட்டுத் தள்ளிப் போனா இவரை யார் பாக்கிறது? இதே இடத்துல வீடு தர்றோம்னு எழுதிக் குடுத்துட்டு இடிங்கன்னு கேக்கத்தான் வர்றேன்."

"இதை எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட? இடிக்கக் கூடாதுன்னு மனுவுல கையெழுத்துதான கேட்ட!"

கட்டிலில் இருந்தவர் சிரித்தார், இருமல் வந்தது. அருளப்பன் ஓடிப்போய் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தான். இருமல் நின்றதும் மறுபடி வாளியை எடுத்தான்.

கூட்டத்தில் முதலில் அவன் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். எழுந்தான். செங்கமலம் கடைசி வரிசையில் நின்றிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமியிடம் குனிந்தான்.

"சாமி, இப்ப நான் என்ன பண்றது?"

"மைக் உசரமா இருக்கு, அவளுக்கு எட்டாது. நீ இறக்கிப் பிடி."