எதிர்ப்பக்கம் சுழலும் நட்டு

அந்தக் காலத்தில் இரும்பும் ஈயமும் பேசின. மனிதர்களும் அவற்றுக்குப் பதில் சொல்வதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை.

ஏற்காட்டு மலைப்பாதையில் ஓடிய ஒரு காருக்கு முன்பக்கம் இரண்டும் கம்பிச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்து நிறுத்தும். நட்டுக்கு இரண்டு காதுகள் உண்டு. காதில் சுத்தியலால் அடித்துத்தான் அதை இறுக்குவார்கள், கழற்றுவார்கள். பின்சக்கரங்கள் ஐந்தைந்து போல்ட்டில் நின்றவை. அவற்றுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

முன்நட்டுகள் இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்த இரட்டையர். உள்ளே ஓடும் திருகு மரையும் ஒரே மாதிரி: கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால் இறுகும். இடப்பக்க நட்டு மாட்டினால் மாட்டியபடி இருந்தது. வலப்பக்க நட்டோ பத்து மைலுக்குள் தளர்ந்துவிடும். இரண்டு முறை சக்கரமே கழன்று, காரை முந்திக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குள் உருண்டது. இரண்டாம் முறை பழம் பறித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு முழங்கால் உடைந்தது.

பட்டறை மேஸ்திரி சவரிராயன் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை கழன்றால் அந்த நட்டு உலைக்குப் போகும். காரோட்டி காதர் மீரானும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

இடப்பக்க நட்டுக்கு உள்ளூர மகிழ்ச்சி. "நீயும் என்கூடப் பிறந்தவன்தானேடா. பிடித்த பிடியில் நிற்க உனக்கு என்ன கேடு?" என்றது.

தான் பிடியை விடவில்லை, யாரோ விடுவிக்கிறார்கள் என்றது வலப்பக்க நட்டு. யார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தெரியாதவன் சொல் எடுபடாது.

அந்தப் பட்டறையில் ஓர் ஈயச் சுத்தியல் இருந்தது. நட்டின் காது காயப்படக் கூடாது என்று ஈயத்தில் செய்தது. அடிக்கும்போதெல்லாம் அதன் முகம்தான் நசுங்கும். அது மேஸ்திரியிடம் ஒரு கேள்வி கேட்டது.

"மேஸ்திரி, இறுக்கும்போது ரெண்டு பேருக்கும் எண்ணி ஆறு அடிதான் கொடுக்கிறேன். மலை ஏறி இறங்கி வந்தபிறகு இடத்துக்காரன் பன்னிரண்டு அடிக்குத்தான் அசைகிறான். வலத்துக்காரன் ஓர் அடிக்கே கையோடு வந்துவிடுகிறான். நான் கொடுத்த மீதி அடி எங்கே போகிறது?"

சவரிராயனுக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. நட்டுகளைப் பக்கம் மாற்றி மாட்டினார். ஒவ்வொரு நட்டிலிருந்தும் அதன் சக்கரம் வரைக்கும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். ஐந்து மைல் போய்த் திரும்பும்படி மீரானிடம் சொன்னார்.

திரும்பி வந்தபோது, வலப்பக்கத்துக்கு மாறிய நல்ல பிள்ளை தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கெட்ட பெயர் எடுத்த நட்டு இடப்பக்கத்தில் கல்லாக இறுகியிருந்தது. கோடுகள் இரண்டும் முறிந்திருந்தன. சக்கரம் முன்னோக்கிச் சுழலச் சுழல, இரண்டு நட்டுகளும் மயிரிழை மயிரிழையாகப் பின்னோக்கி நகர்ந்திருந்தன. இடப்பக்கம் அந்த நகர்வு மரையை இறுக்குகிறது. வலப்பக்கம் அதே நகர்வு கழற்றுகிறது.

குற்றம் நட்டில் இல்லை என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டார். ஆனாலும் யாராவது வலப்பக்கம் நின்றாக வேண்டுமே. அங்கே நிற்பவனுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். நட்டு ஏறும் அச்சுமுனையில் மரையை மாற்றி வெட்டிவிடலாம், நட்டு மட்டும் உருகி மறுபடி பிறக்க வேண்டும் என்றார்.

ஊரில் எல்லா நட்டும் திரும்பும் பக்கத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் மாறினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று நல்ல பிள்ளை ஒதுங்கிக்கொண்டது.

"நான் போகிறேன். குற்றவாளியாக உலைக்குப் போகத்தான் பயந்தேன்" என்றது கெட்ட பெயர் எடுத்த நட்டு. "ஒன்று மட்டும் கேட்கிறேன். வார்க்கும்போது, கழற்றும் பக்கம் எது என்று என் முகத்தில் ஓர் அம்புக்குறி போடுங்கள்."

இறுக்கும் பக்கத்துக்கும் ஒன்று போட்டுவிடலாமே என்றார் மீரான்.

"அது வேண்டாம் பாய். மாட்டும்போது பக்கம் தப்பினால் நான் மரையில் ஏறவே மாட்டேன். உங்களுக்கே தெரிந்துவிடும். கழற்றும்போது தப்பினால் இன்னும் இறுகுவேன். பிடிவாதம் என்று நினைத்து நீங்கள் இன்னும் ஓங்கி அடிப்பீர்கள்."

மறுவாரம், மறுபடி வார்த்த நட்டை வலப்பக்கம் மாட்டிக்கொண்டு, அதே ஆறு அடியோடு கார் மலை ஏறியது. பத்தாம் மைலில் மீரான் இறங்கி, சுத்தியலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். நட்டு அசையவில்லை.

கம்பிச் சக்கரக் காரின் வலப்பக்க நட்டு மற்ற நட்டுகளுக்கு எதிர்ப்பக்கம் சுழல்வது அன்று முதல்தான். அதன் முகத்தில் கழற்றும் பக்கத்துக்கு மட்டும் அம்பு இருப்பதும் அன்று முதல்தான்.