மணலில் வரைந்த வீடு

ஒரு காட்டில் மழை வரவில்லை. அதனால் ஒரு வெள்ளெலியின் வீடு பாதியில் நின்றுபோயிற்று.

வெள்ளெலியின் வீடு மண்ணுக்குள் தோண்டும் வளைதான். வாசல் தோண்டியாயிற்று. நடையும் ஆயிற்று. தானியத்துக்கு ஓர் அறை, குட்டிகளுக்கு ஓர் அறை, இரண்டும் தயார். பின்வாசல் ஒன்றுதான் பாக்கி. அதை உள்ளேயிருந்து மேல்நோக்கித் தோண்டிக்கொண்டே வந்து, இன்னும் ஒரு விரற்கடை மண் இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் தரை. ஆபத்து வந்தால் தலையால் ஒரே முட்டு, தப்பித்துவிடலாம். பின்வாசல் இல்லாத வளையில் எந்த வெள்ளெலியும் குட்டி போடாது.

ஆனால் தரை காய்ந்து பாறையாகக் கிடந்தது. தோண்டப் போன வெள்ளெலிக்கு நகம் பிளந்ததுதான் மிச்சம். வயிற்றிலோ குட்டிகள். பிறக்க இன்னும் பத்தே நாள்.

"ஒரு மழை பெஞ்சா போதும், முடிச்சிடுவேன்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னது. வானம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சும்மா இருப்பது லேசான வேலையா, பிள்ளைகளே? வெள்ளெலி சேர்த்து வைத்த விதைகளை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றியது. மறுநாள் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு மாற்றியது. மூன்றாம் நாள் பொழுதே நகரவில்லை. வேலமரத்தடிக்குப் போயிற்று. அங்கே ஏழு தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறியபடி கத்திக்கொண்டிருந்தன.

"என்னடி, வீடு எந்த மட்டுக்கு வந்திருக்கு?" என்றது ஒரு குருவி.

வீடு கட்டுகிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும், பிறகு வாயை மூட வைக்க முடியாது. வெள்ளெலி மணலில் நகத்தால் கோடு இழுத்தது.

"இது வாசல், அக்கா. இது நடை. இடது பக்கம் தானியம். வலது பக்கம் பிள்ளைங்க அறை. தண்ணி ஏறாம கொஞ்சம் உயர்த்தியிருக்கேன்."

"அம்மாடி, அரண்மனைதான்! பின்வாசல் எங்கே?"

வெள்ளெலி தயங்கியது. பெற்ற தாயிடம்கூடப் பின்வாசலைச் சொல்லக் கூடாது என்பது அதன் குலவழக்கம். ஆனால் ஏழு குருவிகளும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றனவே!

"பிள்ளைங்க அறையிலிருந்து கிழக்கே போய், அந்த ஆவாரஞ்செடியோட தூருல வரப்போகுது" என்று மணலில் ஒரு குழி வைத்தது.

அன்றைக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. அதனால் மறுநாளும் வந்தது. தினமும் படத்துக்கு ஒரு கோடு கூடியது. வீடு வளரவில்லை, படம் வளர்ந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வெள்ளெலி தன் நகத்தாலும் கெட்டது. ஏழாம் நாள் காலையில் வந்து பார்த்தால், படத்தின் மேல் ஒரு காலடி. ஐந்து விரல், ஐந்து கூர்நகம். சரியாகப் பின்வாசல் குழிக்குள் பதிந்திருந்தது.

வெள்ளெலிக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. "அக்கா, இங்கே யாரு வந்தது?"

"கீரியண்ணன்தான். படம் பிரமாதம்னு ரொம்ப நேரம் நின்னு பார்த்தாரு. பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்து காட்டினாரு. எப்போ குடிபோறான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மழை பெஞ்ச மறுநாள்னு சொன்னோம். நீதானே அப்படிச் சொன்னே?"

அப்போது வானம் இடித்தது. எந்த மழைக்காகத் தவம் கிடந்ததோ, அந்த மழை கொட்டத் தொடங்கியது. மழை பெய்த மறுநாள் கீரி வாசலில் வந்து நிற்கும்.

குட்டி பிறக்க மூன்றே நாள். புது வளைக்கு நேரம் ஏது? நனைந்த வாசலுக்குள் ஓடி, மண்ணை இறுக அடைத்துக்கொண்டு, பிள்ளைகள் அறையில் கிழக்குச் சுவரை விட்டுவிட்டு மேற்குச் சுவரைத் தோண்டியது. மேற்கே சப்பாத்திக்கள்ளிப் புதர் இருந்தது. மூன்று மடங்கு தூரம். பெருத்த வயிற்றை இழுத்துக்கொண்டு, தோண்டிய மண்ணால் பின்னால் வழியை மூடியபடி, இரவு பகல் பாராமல் தோண்டியது.

மறுநாள் காலை மழை விட்டது. கள்ளிக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி.

"தங்கச்சி! வீடு பார்க்க வந்திருக்கோம்" என்று முன்வாசலில் குரல் கேட்டது.

வெள்ளெலி மூச்சுக் காட்டாமல் தோண்டியது.

"நீ எழுந்து வர வேணாம். வழி எனக்குத் தெரியும்." அடைத்த மண் சரிந்தது. "இது நடை. இடது பக்கம் தானியம். பலே, சொன்னபடியே கட்டியிருக்கே! என் வீட்டுக்காரி ஆவாரஞ்செடிகிட்டே உனக்காகக் காத்துக்கிட்டிருக்கா."

தன் சொற்களையே கீரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வர, வெள்ளெலிக்கு அவமானம் ஒரு பக்கம், உயிர்பயம் ஒரு பக்கம். முன்னங்கால்களில் இரத்தம் கசிந்தது. இன்னும் நாலு விரற்கடை.

"இது பிள்ளைங்க அறை. இனிமே கிழக்கே..." கீரி கிழக்குச் சுவரைப் பிராண்டியது. வெறும் மண். மறுபடி பிராண்டியது. "படத்துல இங்கேதானே இருந்தது?"

அந்த ஒரு குழப்பம்தான் வெள்ளெலிக்குக் கிடைத்த அவகாசம். தலையால் முட்டியது. மண் அசையவில்லை. பின்னால் கீரியின் மூச்சு திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முட்டியது. முகத்தில் வெயில் அடித்தது.

சத்தம் கேட்டு ஆவாரஞ்செடியிலிருந்து பெண்கீரி பாய்ந்து வந்தது. மூக்கில் கள்ளிமுள் குத்த, அலறிக்கொண்டு பின்வாங்கியது.

வெள்ளெலி முள்ளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தது. ஆத்திரத்தில் கீரிகள் இரண்டும் வீட்டைத் தோண்டித் தரைமட்டமாக்கின. உயர்த்திக் கட்டிய பிள்ளைகள் அறை கடைசியில் இடிந்தது. வெள்ளெலி அழுதது. கீரிகள் போன பிறகு, ஓடையைத் தாண்டிப் போய், ஈரமண்ணில் ஒற்றை அறையும் ஒரு பின்வாசலுமாகச் சின்னதாய் ஒரு வளை தோண்டிக்கொண்டது. அதில் நான்கு குட்டிகள் பிறந்தன.

பத்து நாள் கழித்து ஓடைக்கரையில் தவிட்டுக்குருவிகள் அதைக் கண்டன.

"என்னடி, புது வீடாமே! எப்படிக் கட்டியிருக்கே?"

வெள்ளெலியின் நகம் பழக்கதோஷத்தில் மணலில் ஒரு கோடு இழுத்தது. சட்டென்று அதை வாலால் அழித்துவிட்டது.

"இந்த வருஷம் மழை பரவாயில்லை, இல்லையா அக்கா?" என்றது.

நீதி: பொழுது போகவில்லை என்பதற்காக வீட்டு இரகசியத்தை வெளியே சொல்லாதே.