வலம் சுற்றிய தூது

அல்லிக்குளத்தில் சமாதானம் பேசப் போனவர்கள் எல்லோரும் குளத்தை வலமாகவே சுற்றிப் போனார்கள். கெட்டது அங்கேதான்.

கிழக்குக் கரை தவளைகளுடையது. மேற்குக் கரை நண்டுகளுடையது. நடுவில் ஒரு மண்திட்டு. அது யாருடையது என்றுதான் சண்டை.

"எங்கள் பாட்டன் முட்டையிலிருந்து வெளியே வந்தது அந்தத் திட்டு ஓரத்தில்தான்!" என்றன தவளைகள்.

"எங்கள் பாட்டன் வளை தோண்டியது அந்தத் திட்டில்தான்!" என்றன நண்டுகள்.

இரண்டும் உண்மை. ஒன்றாவது பொய்யாக இருந்தால் சண்டை என்றைக்கோ ஓய்ந்திருக்கும்.

தவளைகள் திட்டின் மேல் காவல் போட்டன. நண்டுகளுக்கு அங்கே வளை தோண்ட வழியில்லை. மேற்குக் கரையையே குடைந்தன. கரை ஓட்டையாகிவிட்டது. தண்ணீர் ஓட்டை வழியே வயலுக்கு ஓடியது. குளம் வற்றத் தொடங்கியது.

குண்டுமணி என்று ஒரு தவளை. அவள் பிள்ளைகள் திட்டு ஓரத்துப் பள்ளத்தில் இருந்தன. எல்லாம் தலைப்பிரட்டைகள். இன்னும் கால் முளைக்கவில்லை. வெறும் வால். வாலை வைத்துக்கொண்டு காய்ந்த சேற்றில் என்ன செய்வது?

குண்டுமணி தினமும் பள்ளத்தைப் பார்த்தாள். தினமும் தண்ணீர் இறங்கியிருந்தது. தவளை ராஜாவிடம் போய்ச் சொன்னாள்.

"பார்க்கலாம்" என்றார் ராஜா.

நண்டு ராஜாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேள்வி. ராஜாக்களை நம்பிப் பயனில்லை. குண்டுமணி தானே கிளம்பினாள்.

அவளுடைய கொழுந்தன் வெடிவாயன்தான் காவல் தலைவன். அவன் குதித்தான்.

"நண்டுகிட்டப் பேசறதா? அதுங்களுக்கு நேரா நடக்கவே தெரியாது அண்ணி! நேரா பேசுமா?"

"பேசிப் பார்த்தாத்தானே தெரியும்?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"என் புள்ளைங்க பிழைக்கும். நீ போய் உன் காவலைப் பாரு!"

சந்தை நாளில் போவது என்று முடிவாயிற்று. அன்றைக்குத்தான் தூண்டிலோடு யாரும் குளத்துப் பக்கம் வர மாட்டார்கள். நீந்திப் போக முடியாது. நடுக்குளத்தில் ஒரு தலை தெரிந்தால் இரண்டு பக்கமும் சேற்றை வாரி அடிப்பார்கள். கரை மேல் சுற்றித்தான் போக வேண்டும்.

பேசுவதற்கு ஆள் வேண்டுமே? தாவுசாமி வந்தார். பெரிய பேச்சாளர். ராத்திரி எல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். கூடவே ஒரு கூட்டம் தவளைகள். கையில் அல்லித்தண்டுக் கட்டு. நண்டுகளுக்கு அது பிடிக்கும்.

"வலமாத்தான் போகணும்" என்றார் தாவுசாமி. "குளம் நம்ம வலது கைப்பக்கம் இருக்கணும்."

"வடக்குக் கரை வழியா போனாலும் அதே தூரம்தானே மாமா?"

"அது இடம்! இழவுக்குத்தான் இடம் சுத்துவாங்க! நல்ல காரியத்துக்குப் போற லட்சணமா இது?"

தெற்குக் கரை வழியே வலமாகப் போனார்கள்.

மேற்குக் கரையில் கடுவாயன் என்ற நண்டு நின்றான். கொடுக்கு ஒவ்வொன்றும் அரிவாள் மாதிரி.

தாவுசாமி தொண்டையைச் செருமினார். "அன்புக்குரிய நண்டுப் பெருமக்களே!"

சளப்! வாய் நிறையச் சேறு.

"பேசற ஆளு யாராவது இருந்தா கூப்பிடுங்களேன்!" என்று கத்தினாள் குண்டுமணி.

"இங்க பேசற ஆளு கிடையாது! கடிக்கிற ஆளுதான்! ஓடுங்க!"

கடுவாயன் அல்லித்தண்டைப் பிடுங்கிக்கொண்டான். தவளைகள் ஓடின. ஓடும்போது குண்டுமணி ஒன்றைக் கவனித்தாள். பாதி வளைகள் காலி. அதைப் பற்றி யோசித்திருக்கலாம். சேறு கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. யோசிக்கவில்லை.

திரும்பும்போதும் வலம்தான். வடக்குக் கரை வழியே வந்து வட்டத்தை முடித்தார்கள்.

கரையில் வெடிவாயன் மல்லாந்து கிடந்தான். வயிறு பூசணிக்காய் அளவு.

"என்ன கொழுந்தனாரே, வயிறு இப்படி வீங்கியிருக்கு?"

"கோபம், அண்ணி! கோபத்துல வீங்கிப் போச்சு! நீங்க சமாதானம்னு அந்தப் பக்கம் போறீங்க. அதுங்க இந்தப் பக்கமா சண்டைக்கு வருதுங்க! தனியாளா நின்னு விரட்டி அடிச்சேன். ஏவ்!"

ஏப்பத்தில் மண்புழு வாடை அடித்தது. கோபத்துக்கு அப்படி ஒரு வாடை உண்டோ என்னவோ என்று குண்டுமணி நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சந்தைக்கும் போனார்கள். அதே வலம். அதே சேறு. தாவுசாமி "அன்புக்குரிய" வரைக்கும்தான் வந்தார். வீட்டுக்கு வந்தால் அதே வெடிவாயன், இன்னும் பெரிய வயிறு.

"மறுபடியும் வந்தானுங்க அண்ணி! விட்டேனா? ஏவ்!"

தவளைகளுக்கு வெறுத்துப் போயிற்று. "அந்தப் பக்கம் சமாதானம் பேச ஒரு ஆள் கிடையாது" என்றன. "நாம போற அன்னிக்கே பார்த்துப் படையெடுத்து வர்றாங்க! இதுங்ககிட்டப் பேசுவாங்களா யாராவது?"

அதற்கடுத்த சந்தைக்குக் கூட்டம் கரைந்துவிட்டது. குண்டுமணி, தாவுசாமி, ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒரு மரத்தவளை. அவ்வளவுதான். பள்ளத்தில் தண்ணீர் தலைப்பிரட்டைகளின் முதுகை மூடவில்லை. குண்டுமணி சாப்பிடாமலே கிளம்பினாள்.

தெற்குக் கரையில் ஓர் எருமை குறுக்கே படுத்திருந்தது. பெயர் மின்னல். யார் வைத்த பெயரோ!

கரை முழுக்க எருமை. ஒரு பக்கம் வழுக்குச் சேறு, அதில் வாலை வீசிக்கொண்டிருந்தது. மறு பக்கம் முள்வேலி. தாண்டலாம் என்றால் முதுகின் மேல் ஒரு கொக்கு நின்று, தவளைகளை ஆசையோடு பார்த்தது.

"எழுந்திரு!" என்றாள் குண்டுமணி.

"ஏன்?"

"நாங்க சமாதானம் பேசப் போறோம்."

"போ."

"நீ எழுந்தாத்தானே போக முடியும்?"

"மாட்டேன்."

தாவுசாமி முன்னால் வந்தார். "அன்புக்குரிய எருமைப் பெருமகனே!"

எருமை கண்ணை மூடிக்கொண்டது. அசை போட்டது. பிறகு ஒரு கண்ணைத் திறந்தது.

"குளம் வட்டம்தானே?"

"வட்டம்தான்."

"அந்தப் பக்கமாப் போ."

"அது இடம்!" என்று அலறினார் தாவுசாமி. "அபசகுனம்!"

"அப்ப உட்காரு" என்றது எருமை. கண்ணை மூடிக்கொண்டது. குறட்டை விட்டது.

குண்டுமணி எருமையைப் பார்த்தாள். குளத்தைப் பார்த்தாள். திட்டு ஓரம் சேறு பளபளத்தது.

"நான் இடமாப் போறேன்" என்றாள்.

"அடிப் பாவி! இழவுக்குப் போற வழி!"

"இப்படியே உட்கார்ந்திருந்தா இழவுதான் மாமா விழும், என் வீட்டுல!"

அவள் தாவினாள். மரத்தவளை பின்னாலேயே தாவியது. தாவுசாமி கொக்கோடு தனியாக இருக்க மனமில்லாமல் அவர்களுக்குப் பின்னால் தாவினார்.

வடக்குக் கரையில் ஒரு தாழம்புதர். அதைத் திரும்பினார்கள். எதிரே நண்டுகள்!

எல்லாம் பக்கவாட்டில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முன்னால் வந்தவள் சிலம்பாயி.

"ஐயோ, சண்டைக்கு வர்றாங்க!" என்றார் தாவுசாமி.

"ஐயையோ, படையெடுத்து வர்றாங்க!" என்றாள் சிலம்பாயி.

"யாரு படையெடுத்தது? நாங்க சமாதானம் பேச வர்றோம்!"

"நாங்கதான் சமாதானம் பேச வர்றோம்! நீங்க சண்டைக்கு வர்றீங்க!"

"சண்டைக்கு வர்றவ அல்லித்தண்டு தூக்கிட்டா வருவா?"

"நாங்க மட்டும்? இந்தா பாரு, புழு!"

சிலம்பாயி ஒரு தாமரை இலையை விரித்தாள். உள்ளே மண்புழு நெளிந்தது. குண்டுமணி மூக்கில் அந்த வாடை ஏறியது.

கோபத்தின் வாடை.

"ஏம்மா, போன சந்தைக்கும் புழு கொண்டு வந்தீங்களா?"

"ஒவ்வொரு சந்தைக்கும்தான்! உங்க கரையில ஒரு தொப்பைக்காரன் இருக்கானே! புழுவைப் பிடுங்கிக்கிட்டு, 'இங்க பேசற ஆளு இல்ல, ஓடு'ன்னு விரட்டுவான்."

"அவன் என் கொழுந்தன்."

"நல்ல கொழுந்தன்!"

"உங்க கரையில அரிவாள் கொடுக்கு வச்சிருக்கானே, அவன் யாரு? எங்க அல்லித்தண்டை எல்லாம் பிடுங்கினானே!"

சிலம்பாயியின் கண் காம்போடு நீண்டது. "அது எங்க அண்ணன் கடுவாயன். கொடுக்கெல்லாம் பச்சையா இருக்கேன்னு கேட்டேன். தவளைங்களோட சண்டை போட்டதுல பாசி ஒட்டிக்கிச்சுன்னான்!"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த வழியா வருவீங்க?" என்று கேட்டாள் குண்டுமணி.

"வலமாத்தான். நல்ல காரியமாச்சே!"

"நாங்களும் வலம்."

"திரும்பிப் போகும்போது?"

"வலம்."

"அடக் கடவுளே" என்றாள் சிலம்பாயி. "நாம ஒருத்தர் முதுகை ஒருத்தர் துரத்திக்கிட்டுச் சுத்தியிருக்கோம்!"

மரத்தவளை முதலில் சிரித்தது. அப்புறம் எல்லோரும். ஒரு நண்டு சிரித்துச் சிரித்து மல்லாந்துவிட்டது. அதைப் புரட்டிப் போட இரண்டு தவளைகள் தேவைப்பட்டன.

தாவுசாமி சமயம் பார்த்தார். "அன்புக்குரிய நண்டுப் பெருமக்களே!"

"சுருக்கமாச் சொல்லுங்க பெரியவரே. வயித்துல புள்ளைங்க கனக்குது."

தாவுசாமி வாயைத் திறந்தபடி நின்றார். அடுத்த வரி அவரிடம் இல்லை. இதுவரை யாரும் அவரை அடுத்த வரிக்கு விட்டதே இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

சிலம்பாயி வயிற்று மடிப்பைத் திறந்து காட்டினாள். கடுகு கடுகாய்க் குஞ்சுகள். "இதுங்களைத் திட்டு ஓரம் இறக்கி விடணும். அங்க தண்ணி இல்ல. எத்தனை நாள்தான் சுமப்பேன்?"

"என் புள்ளைங்க அங்கதான் கிடக்கு" என்றாள் குண்டுமணி. "தண்ணி எங்க போகுது?"

சிலம்பாயி தன் கொடுக்கைப் பார்த்தாள்.

"எங்க வளை வழியாத்தான் போகுது."

"கரையில எதுக்குத் தோண்டறீங்க?"

"திட்டு முழுக்க உங்க காவல் உட்கார்ந்திருக்கே. வேற எங்க தோண்ட?"

இப்போது குண்டுமணி திட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு பேசினார்கள். அதிகம் பேசவில்லை. திட்டின் மேற்குப் பாதியைத் தவளைகள் விட வேண்டும். கரை ஓட்டையை நண்டுகள் அடைக்க வேண்டும். இதற்குத்தான் இத்தனை சந்தை.

எல்லோரும் சேர்ந்து கிழக்குக் கரைக்கு வந்தார்கள். புழு வாடைக்கு வெடிவாயன் வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்தான்.

"டேய் நண்டுப் பயலுகளா! சண்டைக்கா வர்றீங்க? கொடுங்கடா அந்த இலை..."

இலையைப் பிடித்திருந்தது அண்ணி.

"பசிக்குதா கொழுந்தனாரே?"

வெடிவாயன் வாய் மூடவில்லை.

"சண்டைக்கு வந்தாங்கன்னு சொன்னியே, எதால அடிச்சாங்க? புழுவாலயா?"

கரையெல்லாம் கொல்லென்று சிரித்தது. "ஏவ்! ஏவ்!" என்று தவளைகள் சேர்ந்து ஏப்பம் விட்டன. அன்றிலிருந்து அவன் பெயர் ஏப்பவாயன்.

"காவலைப் பாதித் திட்டுக்கு நகர்த்து."

"ராஜா உத்தரவு வேணும் அண்ணி!"

"புழு தின்ன கதையை ராஜாகிட்டச் சொல்லட்டுமா?"

காவல் நகர்ந்தது. ராஜாவிடம் தகவல் போனது. "பார்க்கலாம்" என்றார்.

அப்புறம் மேற்குக் கரை. கடுவாயன் சேற்றை வாரிக் கையை ஓங்கினான். முன்னால் நின்றவள் தங்கை.

"அடி அண்ணே, அடி! பாசி எப்படி ஒட்டுதுன்னு நானும் பார்க்கறேன்!"

சேறு அவன் தலையிலேயே விழுந்தது.

அன்றைக்கே ஓட்டைகளை அடைத்தார்கள். நண்டுகள் மண்ணைத் திணித்தன. தவளைகள் அதன் மேல் குதித்துக் குதித்துக் கெட்டி செய்தன. தாவுசாமி எல்லோரையும்விட நன்றாகக் குதித்தார். பேசாமல் இருந்தால் அவர் நல்ல வேலைக்காரர்.

தண்ணீர் நின்றது. பெய்த மழையும் தங்கியது. குண்டுமணியின் பிள்ளைகளுக்குக் கால் முளைத்தது. சிலம்பாயி குஞ்சுகளை இறக்கிவிட்டு அன்று முழுக்கத் தூங்கினாள்.

சண்டை அடியோடு ஒழிந்ததா? இல்லை. மழைக்காலத்தில் தவளைகள் ரொம்பக் கத்துகின்றன என்று நண்டுகள் இன்றும் புகார் சொல்கின்றன. நண்டுகள் காலை மிதிக்கின்றன என்று தவளைகள் சொல்கின்றன. ஆனால் இப்போது ஒரு கூட்டம் வலமாக வந்தால் இன்னொரு கூட்டம் இடமாகப் போகிறது. தாழம்புதர் அருகே முட்டிக்கொள்கிறார்கள். அங்கேயே பேசித் தீர்க்கிறார்கள்.

சமாதானம் செய்தது நாங்கள்தான் என்று தவளைகள் சொல்லிக்கொண்டன. நாங்கள்தான் என்று நண்டுகள் சொல்லிக்கொண்டன. குண்டுமணி மட்டும் ஒரு கட்டு இளம்புல்லோடு தெற்குக் கரைக்குப் போனாள்.

"எழுந்திரு, நன்றி சொல்லணும்."

"படுத்துக்கிட்டே கேக்கறேன்" என்றது எருமை.

சமாதானம் வேண்டுமென்றால் எதிரே வருகிறவன் முகத்தில் முட்டுகிற வழியாகப் போக வேண்டும், அவன் முதுகைச் சுற்றிக்கொண்டிருந்தால் ஆகாது. அல்லிக்குளத்தில் அந்த வழியைத் திருப்பிவிட்டது ராஜாவுமில்லை, பேச்சாளருமில்லை, எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துக் கிடந்த எருமை மின்னல்.