பூசை வேளையில் உள்ளே இருந்தது யார்

தங்கமாரிக்கு இரண்டு பயங்கள் உண்டு. ஒன்று முதலாளி. மற்றொன்று, அந்த மசாலாக் கம்பெனியில் வேலை பார்க்கும் மற்ற எல்லாரும்.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்த மனிதர். கம்பெனிக் கணக்கெல்லாம் வைக்க சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்தபோது, இதுவும் கரண்டில் ஓடுவதுதானே என்று முதலாளி அதையும் அவர் தலையில் கட்டிவிட்டார். ஐம்பதை நெருங்கும் வயதில் அவருக்கு ஒரு குரு தேவைப்பட்டார்.

குரு ஸ்கூட்டரில் வந்தார். பெயர் எஸ்தர். சாத்தூர்க்காரர். பல கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவர் தொழில். தங்கமாரியைவிடப் பத்து வயது சின்னவர். பேச்சில் படு சிக்கனம். தங்கமாரி அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

தேனி, மதுரை, நெல்லை டிப்போக்களில் இருந்தவர்களும், வீட்டிலிருந்தே பில் போடுகிறவர்களுமாகப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் இருந்த இடத்திலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக விருதுநகர் சர்வருக்குள் வந்து வேலை பார்க்க வேண்டும். எஸ்தர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்:

"ஆளுக்கு ஒரு பேரு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. அவங்க வேலைக்கு என்ன வேணுமோ அது மட்டும் திறக்கணும். வெளிய இருந்து வர்றவங்க விபிஎன்ங்கிற வாசலைத் தாண்டித்தான் உள்ள வரணும்."

"சரி டீச்சர்."

அப்படியே செய்தார். மறுநாளே போன் அடிக்கத் தொடங்கியது. பிரிண்ட் வரவில்லை என்றார் ஒருவர். தப்பாய்ப் போட்ட பில்லை அழிக்க முடியவில்லை என்றார் இன்னொருவர். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று நெல்லைக்காரர் தினமும் சொன்னார். கடைசியில் மதுரை டிப்போ வசந்தா, "இது சர்வரா, ஜெயிலா அண்ணாச்சி? முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

அன்று சாயங்காலமே தங்கமாரி விபிஎன்னை எடுத்துவிட்டார். பன்னிரண்டு பேரையும், தன்னைப் போலவே, அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கினார். இனி யாரும் எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். பாஸ்வேர்டும் எல்லாருக்கும் ஒன்றே. யாரும் மறக்க முடியாததாக இருக்கட்டும் என்று முதலாளியின் குலதெய்வம் மாடசாமி பெயரை வைத்தார். 'மாடசாமி துணை' என்று கம்பெனியின் ஒவ்வொரு மிளகாய்த்தூள் பாக்கெட்டிலும் அச்சடித்திருப்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

போன் நின்றது. டீச்சரிடம் மட்டும் அவர் இதைச் சொல்லவில்லை.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு டிப்போ ஆட்கள் எல்லாரும் கம்பெனிக்கு வந்துவிடுவது வழக்கம். அரைவை மிஷின்களைக் கழுவிச் சந்தனம் வைத்தார்கள். தராசுக்கும் லாரிக்கும் மாலை போட்டார்கள். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. அதில் முதலாளி ரொம்பக் கண்டிப்பு. சர்வருக்கும் ஒரு பொட்டு, ஒரு முழம் பூ. அதை அணைக்கக்கூடாது என்று எஸ்தர் சொல்லியிருந்ததால் அதன் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எஸ்தரும் பூசைக்கு வந்து சர்வர் அறை வாசலில் தங்கமாரி பக்கத்தில் நின்றார்.

முதலாளி சூடத்தை ஏற்றினார். எல்லாரும் கைகூப்பினார்கள். தங்கமாரி பழக்க தோஷத்தில் திரையைப் பார்த்தார். யார் யார் இப்போது உள்ளே இருக்கிறார்கள் என்று அது காட்டும். ஒருவரும் இருக்கக்கூடாது.

'தேனி' இருந்தது. சும்மா இல்லை, ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தது.

தங்கமாரி எஸ்தர் பக்கம் குனிந்தார்.

"டீச்சர், உள்ள யாரோ இருக்காங்க."

எஸ்தர் எட்டிப் பார்த்தார். "நெட் கேபிளைப் பிடுங்குங்க."

"பூசை நடக்கு. தொட்டா முதலாளி தொலைச்சிருவாரு. நம்ம தேனிக்காரரு பூசைக்கு வராம அங்க இருந்து பில் போட்டா? பாதி வேலையில அறுத்துவிட்டா அவரும் சண்டைக்கு வருவாரே."

"அப்ப கூப்பிட்டுப் பாருங்க."

தங்கமாரி மெதுவாகக் குரல் கொடுத்தார். "தேனி?"

"இங்கதான் இருக்கேன் அண்ணாச்சி" என்றார் தேனி டிப்போ பரமேஸ்வரன், இரண்டாவது வரிசையிலிருந்து. கூப்பிய கை கூப்பியபடி இருந்தது.

திரையில் 'தேனி' இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. தேனியின் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறின. திறக்க முடியாத, வாயில் நுழையாத பெயர்கள். வேறு யாரோ ஒருவன், முகமே தெரியாதவன், பரமேஸ்வரனின் பெயரை வைத்துக்கொண்டு கம்பெனிக்குள் நடமாடிக்கொண்டிருந்தான். பத்து வருடக் கணக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

அதன் கீழே இன்னொரு பெயர் முளைத்தது. 'மதுரை'.

"மதுரை?" தங்கமாரி மறுபடி கூப்பிட்டார்.

"என்ன அண்ணாச்சி, பூசை நேரத்துல பேர் கூப்பிடுதீங்க?" வசந்தா திரும்பி முறைத்தாள்.

மூன்றாவது பெயர் வந்தது. 'தங்கமாரி'.

அவர் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் நெஞ்சுக்கு நேரே கூப்பியிருந்தன. திரையில் தங்கமாரி ஒரு ஃபைலைத் திறந்தார். அடுத்ததைத் திறந்தார்.

எஸ்தர் கேட்டார்: "இவரையும் கூப்பிடணுமா?"

தங்கமாரி பாய்ந்து கேபிளைப் பிடுங்கினார். பூ அறுந்து சிதறியது. சந்தனம் கையெல்லாம் அப்பியது.

"ஏய் மாரி! சூடம் எரியுதுய்யா! ஆயுதத்துல கை வைக்கியே, உனக்கு என்ன கிறுக்கா?" முதலாளி கத்தினார்.

தங்கமாரிக்குப் பொய் சொல்லக்கூட வாய் வரவில்லை.

"திருடன் உள்ள வந்துட்டான் முதலாளி. திறந்து விட்டது நான்தான்."

தேனியின் ஒரு வருடக் கணக்கு போனது போனதுதான். பரமேஸ்வரன் கார்த்திகை மாதம் முழுக்கக் காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு பில்லாகத் திரும்ப ஏற்றினார், தங்கமாரியோடு பேசவில்லை. மற்றவை தப்பின. முதலாளி ஒரு வாரம் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தங்கமாரி ஏங்கிப்போனார். பிறகு ஒருநாள் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்:

"நீயே சரி பண்ணு. இன்னொரு தடவை நடந்துச்சு, உனக்கு ஜெனரேட்டரும் கிடையாது."

எஸ்தர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கீபோர்டைத் தொடவில்லை. தங்கமாரி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, வெளியே விபிஎன். போன் மறுபடியும் அடித்தது. பிரிண்ட் வராதவருக்குப் பிரிண்ட் வர வைத்தார். அழிக்கக் கேட்டவருக்கு முடியாது என்றார். ஒவ்வொரு முறையும் போனை வைத்தபின் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

கடைசியில் முதலாளியே வந்து நின்றார்.

"எனக்கு எல்லாத்தையும் திறந்து குடுய்யா. என் கம்பெனி இது."

"நீங்க எல்லாத்தையும் பாக்கலாம் முதலாளி. அழிக்க முடியாது."

"எனக்கேவா?"

"உங்க பேர்லயும் எவனும் வரலாம் முதலாளி."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தங்கமாரி அப்படியே நாற்காலியில் சரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

எஸ்தர் புறப்படத் தயாரானார். தங்கமாரி வாசல்வரை கூடவே போனார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"சோறு எறங்கமாட்டேங்குது. உள்ள யாரு இருக்கான்னு மணிக்கு நாலு தடவை போய்ப் பாக்கேன். போன் அடிச்சாப் பயம். முதலாளி செருப்புச் சத்தம் கேட்டாப் பயம். இந்தப் பயம் என்னைக்குத்தான் போகும்?"

எஸ்தர் ஹெல்மெட்டை மாட்டி வாரை இறுக்கினார். ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"ஒரு தடவை போயிருந்துச்சே அண்ணாச்சி. பன்னிரண்டு பேருக்கும் எல்லாத்தையும் திறந்து விட்டீங்களே, அன்னைக்கு."