மருதி மானுக்கு வந்த தடிப்பு

கரடிமலைக் காட்டில் ஒரு பெரிய குளம் இருந்தது. கோடையில் மற்ற ஓடைகள் வற்றிப்போகும். அந்தக் குளம் மட்டும் வற்றாது. அதனால் புள்ளிமான் கூட்டம் கோடை முழுவதும் அதன் கரையிலேயே தங்கும். கரையில் இலுப்பை மரங்கள் வரிசையாக நின்றன. விடிந்து பார்த்தால் தரையெல்லாம் பூவாகக் கொட்டிக் கிடக்கும். மான்கள் வயிறு முட்டத் தின்னும்.

அந்தக் கூட்டத்தில் மருதி என்று ஒரு பெண் மான் இருந்தது. அதற்குத் துள்ளி என்று ஒரு குட்டி. இன்னும் பால் மறக்காத குட்டி.

ஒருநாள் காலை மருதிக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. கொஞ்ச நேரத்தில் வயிற்றிலும் கால்களிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது. உதடும் வீங்கிவிட்டது. பாறையில் உரசி உரசிச் சொறிந்தது. சொறியச் சொறிய அரிப்பு கூடியது.

மரத்தில் இருந்த தொத்தன் குரங்கு இதைப் பார்த்துவிட்டுக் கீழே குதித்தது.

"இதற்கு எருக்கம்பால்தான் மருந்து! நான் தடவிவிடுகிறேன்!"

"எரியுமா தொத்தண்ணா?"

"எரிந்தால்தானே மருந்து!"

தடவிய இடமெல்லாம் தீப்பட்டது போல எரிந்தது. மருதி கத்திக்கொண்டு குளத்தில் போய் விழுந்தது. தடிப்பு போகவில்லை. தோலும் புண்ணாகிவிட்டது.

அந்தச் சத்தம் கேட்டுப் புதரிலிருந்து ஊளையன் நரி எட்டிப் பார்த்தது. கூட்டத்தோடு இருக்கிற மானை ஒரு நரி என்ன செய்ய முடியும்? ஆனால் தனியாக, நோயோடு இருக்கிற மான்? ஊளையனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"ஐயையோ! தள்ளி நில்லுங்கள்!" என்று அலறியது. "இது ஒட்டிக்கொள்ளும் நோய்! மேற்குக் காட்டில் ஒரு கூட்டமே இதில்தான் அழிந்தது! என் கண்ணால் பார்த்தேன்!"

மான்கள் பின்வாங்கின. மருதியோடு கன்று நாளிலிருந்து மேய்ந்த மான்கள்கூடப் பின்வாங்கின. கூட்டத்தின் தலைவன் கொம்பரசனும் நடுங்கிப்போனது.

"மருதி, நீ பாறைக்காட்டுக்குப் போய்விடு. அங்கே சுனை இருக்கிறது. குணமானால் வா."

"தலைவரே, துள்ளி?"

"குட்டி இங்கேயே இருக்கட்டும். உன் தங்கை பால் கொடுப்பாள். அதற்கும் ஒட்டிவிட்டால் என்ன செய்வாய்?"

மருதி கிளம்பியது. துள்ளி பின்னாலேயே ஓடி வந்தது. தங்கை மான் அதைக் குறுக்கே நின்று மறித்துக்கொண்டது. மருதி திரும்பிப் பார்க்காமல் நடந்தது. திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்று அதற்குத் தெரியும்.

பாறைக்காட்டில் ஒரு பொந்தில் சிலும்பி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தது. மருதிக்குப் பழைய தோழி. நடந்ததைக் கேட்டதும் அதற்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது.

"என் பக்கத்தில் வராதே சிலும்பி! உனக்கும் ஒட்டிக்கொள்ளும்!"

"அடிபோடி! என்னைத் தொட்டவர் இதுவரை யார்? எனக்கு எங்கே ஒட்டப்போகிறது? முதலில் அந்த எருக்கம்பாலைக் கழுவு. சொறியாதே. அரித்தால் சுனைத் தண்ணீரில் போய் நில்."

"எனக்கு என்ன நோய் சிலும்பி?"

"அது எனக்கும் தெரியாது. குளத்துச் சேறாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம்."

மருதி சுனையில் குளித்தது. பாறை இடுக்கில் முளைத்த புல்லைத் தின்றது. அரிப்பு மெல்ல அடங்கியது. தடிப்பும் வற்றத் தொடங்கியது.

அப்போது ஊளையன் வந்து சேர்ந்தது.

"மருதியக்கா! உங்களுக்காக மூலிகை தேடி அலைந்தேன்! கிடைத்துவிட்டது! கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டுங்கள், நானே பூசிவிடுகிறேன்!"

மருதி அப்பாவி. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டியது. ஊளையன் வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தது. பொந்திலிருந்து சிலும்பி பின்பக்கமாக வெளியே வந்து நடுவில் விழுந்தது. அவ்வளவுதான்! ஊளையனின் மூஞ்சியெல்லாம் முள்!

"ஐயோ! அம்மா!" என்று கத்திக்கொண்டு நரி ஓடியது.

"இவன்தான் ஒட்டும் நோய் என்று சொன்னவனா?" என்று கேட்டது சிலும்பி. மருதி தலையாட்டிவிட்டுப் பொந்தருகே ஒண்டியது.

சில நாட்களில் மருதியின் தோல் பழையபடி ஆகிவிட்டது. ஒரு தடிப்பு இல்லை. உதட்டில் வீக்கம் இல்லை. "வா, கொண்டுபோய் விடுகிறேன். சேற்றில் மட்டும் காலை வைக்காதே!" என்று சிலும்பியும் கூடவே கிளம்பியது.

குளக்கரையில் துள்ளிக்குட்டி ஓடி வந்து மடியில் முட்டியது. மான்களுக்கு ஒரே சந்தோஷம். கொம்பரசனே இலுப்பைப் பூக்களைக் காலால் தள்ளிக் குவித்தது.

"பாறைக்காட்டில் காய்ந்த புல்லைத் தின்று இளைத்துவிட்டாய்! முதலில் சாப்பிடு!"

மருதி ஆசையாக ஒரு வாய் கவ்வியது. மென்றுகொண்டிருக்கும்போதே நாக்கு அரித்தது. உதடு தடித்தது. "தொண்டை... தொண்டையை அடைக்கிறது..." என்று திணறியது.

"துப்பு! விழுங்காதே, துப்பு!" என்று கத்தியது சிலும்பி.

மருதி துப்பியது. கொம்பரசன் அதைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய் வாயைக் கழுவச் செய்தது. உடம்பெங்கும் தடிப்பு கிளம்பியது. மூச்சு விசில் போல வந்தது. துள்ளி அலறியது. மான்கள் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றி நின்றன. மருதி தலையைத் தூக்கித் தூக்கிக் காற்றை இழுத்தது. நல்லவேளை, உள்ளே போனது கொஞ்சம்தான். மெல்ல மெல்ல மூச்சு சீரானது.

அந்த நேரம் பார்த்து ஊளையன் வந்தது. மூஞ்சி பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

"பார்த்தீர்களா! மறுபடியும் வந்துவிட்டது! பாவம் என்று நலம் விசாரிக்கப் போனேன். எனக்கும் ஒட்டிவிட்டது! என் மூஞ்சியைப் பாருங்கள்! விரட்டுங்கள் இவளை!"

மான்கள் மிரண்டன. ஆனால் கொம்பரசன் இந்தத் தடவை பின்வாங்கவில்லை. ஊளையனின் கிட்டே போய்க் குனிந்து பார்த்தது.

"இது என்னடா மூக்கில், கறுப்பும் வெள்ளையுமாக?"

"அது... அது நோயின் கொப்புளம்!"

"கொப்புளமா? அது என் முள்!" என்றது சிலும்பி. "கழுத்தைக் கடிக்க வந்தானே, அப்போது குத்தியது! இன்னும் கொஞ்சம் மருந்து வேண்டுமாடா உனக்கு?"

சிலும்பி முதுகைத் திருப்பியது. கொம்பரசன் கொம்பைத் தாழ்த்தியது. ஊளையன் எடுத்த ஓட்டம் மேற்குக் காட்டுக்கும் அப்பால்தான் நின்றது.

"சரி, நரி பொய் சொன்னான். ஆனால் மருதிக்கு மறுபடியும் வந்ததே, அது நிஜம்தானே?" என்று தங்கை மான் கேட்டது.

சிலும்பி யோசித்தது. "சேறு என்று நான் நினைத்தது தப்பு. பூவைத் தின்னும்வரை அவள் சேற்றை மிதிக்கவே இல்லை. ஒட்டும் நோயும் இல்லை. அவள் பாறைக்காட்டுக்குப் போகிறவரை துள்ளி அவள் மடியில்தான் கிடந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லையே! வரும்போது நன்றாகத்தான் வந்தாள். வந்தபின் செய்தது ஒன்றுதான். இந்தப் பூவைத் தின்றாள்."

"நாங்கள் எல்லோரும் தின்கிறோமே! எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை!" என்றது கொம்பரசன்.

"போன வருஷம் நானும் தின்றேன்! எனக்கும் ஒன்றும் ஆகவில்லை!" என்றது மருதி.

"போன வருஷம் ஒத்துக்கொண்டது, இந்த வருஷம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குச் சேர்கிறது, உனக்குச் சேரவில்லை. உடம்புக்கு உடம்பு மாறாதா என்ன?"

கொம்பரசன் தலையைத் தாழ்த்தியது.

"மருதி, பயத்தில் உன்னைத் தனியே அனுப்பி நரியின் வாயில் தள்ளப் பார்த்தேன். மன்னித்துவிடு."

"துள்ளி என்னிடம் வந்துவிட்டதே தலைவரே, அது போதும்! பூவை நீங்கள் தின்னுங்கள். எனக்குப் புல் இருக்கிறது!"

தொத்தன் குரங்கு மரத்திலிருந்து குரல் கொடுத்தது. "மருதி படுக்கிற பக்கத்தில் பூ விழும்படி கிளையை இனி நான் உலுக்க மாட்டேன்! மருந்தும் சொல்ல மாட்டேன்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மருதிக்குத் தடிப்பு அடங்கியிருந்தது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, கூட்டத்தின் நட்டநடுவில் போய்ப் படுத்தது. துள்ளி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பால் குடித்தது. அதற்குப் பிறகு மருதி இலுப்பைப் பூவைத் தொடவில்லை. தடிப்பும் வரவில்லை.

ஒருவர் உடம்பில் தடிப்பைக் கண்டால், பயந்து அவரை ஒதுக்கக் கூடாது. எதனால் வந்தது என்று கண்டுபிடித்து அதைத்தான் ஒதுக்க வேண்டும்.